இறக்கு எடை

அவள் அழித்தவை நான்கே நான்கு புள்ளிகள். மவுஸை நான்கு முறை தட்டியதற்கு மேல் அதில் உழைப்பு ஏதுமில்லை. தட்டிய விரல் நடுங்கவில்லை, நெஞ்சு உறுத்தவில்லை. அன்று மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டாள் என்பதும் நன்றாக நினைவிருக்கிறது. பின்னாளில் அவளை நாணச் செய்தவற்றுள் அந்தச் சாப்பாடும் ஒன்று.

கடலடி எண்ணெய்க் கிணறுகளுக்குப் பாதை வகுப்பது அவள் தொழில். கடலே தெரியாத ஓர் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் அமர்ந்து அதைச் செய்தாள். சன்னலுக்கு வெளியே வண்டி நிறுத்துமிடம், அதற்கப்பால் ஒரு டயர்க்கடையின் தகரக் கூரை, அவ்வளவுதான் காட்சி. ஆனால் மேசைமேல் இருந்த இரண்டு திரைகளிலும் கடலுக்கடியில் கிடக்கும் பாறை அடுக்குகள் நிறம் நிறமாக விரிந்திருக்கும். அவற்றினூடே ஒற்றைக் கோடாக ஓடுவது அவளுடைய கிணறு.

கிணறு என்றதும் செங்குத்தாக இறங்கும் குழியை நினைக்கவேண்டாம். எண்ணெய் கிடந்த இடத்துக்கு நேர்மேலே கப்பல்கள் போகும் தடம். அங்கே துளைப்பு மேடை நிறுத்த அனுமதியில்லை. ஆகவே வெகுதொலைவு தள்ளி நின்ற பழைய மேடையிலிருந்தே துளைக்கவேண்டும். கொஞ்ச தூரம் நேராக இறங்கி, மெல்ல வளைந்து, பிறகு படுத்துக்கொண்டு, பாறைக்குள்ளேயே ஒன்பது கிலோமீட்டர் போகும் கிணறு அது. துளைப்பதுகூடப் பெரிதன்று, குழாயைச் சுழற்றிக்கொண்டே போகலாம், சுழலும் பொருளை உராய்வு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. துளைத்து முடித்தபின், மணலைத் தடுத்து எண்ணெயை மட்டும் உள்ளே விடும் சல்லடைக் குழாய்களைக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் உயிர் போகும். அவற்றைச் சுழற்றினால் முறுக்கிக் கிழிந்துவிடும். தள்ளியேதான் அனுப்பவேண்டும். நின்ற குழாய்க்குத் தன் எடையே துணை. படுத்த குழாய்க்குத் தன் எடையே பகை.

அந்தப் பகை எவ்வளவு என்று அறிவதற்கு எடை பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. குழாய் நூறு மீட்டர் உள்ளே போனதும் நிறுத்தி, சற்றே மேலே தூக்கி ஓர் எடை, சற்றே கீழே இறக்கி ஓர் எடை என்று இரண்டு எண்களைக் குறிப்பார்கள். இறக்கும்போது தெரிவதற்கு இறக்கு எடை என்று பெயர். அது குறையக் குறைய, உராய்வு குழாயைப் பிடித்துக்கொள்கிறது என்று பொருள். ஓரளவுக்குக் கீழே போய்விட்டால் குழாய் அப்படியே நின்றுவிடும். மேலிருந்து யார் கெஞ்சினாலும் நகராது. உராய்வு கொஞ்சமாக இருந்தால் எடை எப்படிக் குறையும், மிகுதியாக இருந்தால் எப்படிக் குறையும் என்று முன்னரே கணக்கிட்டு ஐந்தாறு கோடுகளை அவள் வரைந்து வைத்திருப்பாள். ஓரிடத்தில் தொடங்கி விரிந்து போகும் அந்தக் கோடுகளை அலுவலகத்தில் விளக்குமாறு என்பார்கள். விளக்குமாற்றின் எந்தக் குச்சியின்மேல் புள்ளிகள் வந்து உட்காருகின்றனவோ, அதுவே அந்தக் கிணற்றின் உராய்வு. அடுத்த கிணற்றை அதை நம்பித்தான் திட்டமிடவேண்டும்.

சென்ற ஆண்டு இதே மேடையிலிருந்து இதே திசையில் துளைத்த அண்டைக் கிணற்றின் புள்ளிகள் அன்று அவள் முன்னே கிடந்தன. ஏழு கிலோமீட்டருக்கு எழுபது புள்ளிகள். அறுபத்தாறும் பிசகாமல் இரண்டாம் குச்சியின்மேல் அமர்ந்திருந்தன. கடைசி நான்கு மட்டும் வரிசையை விட்டு விலகி, மூன்றாம் குச்சியைக் கடந்து நான்காம் குச்சியை நோக்கிச் சரிந்தன. மேடையின் பதிவுக் கருவி பழுதாகி, அந்தக் கடைசி நாளின் எண்கள் மட்டும் கையால் எழுதப்பட்டவை. தாளின் அடியிலிருந்த கையெழுத்தைப் பார்த்ததும் அவள் சிரித்துக்கொண்டாள். அது அவளுடைய அத்தானின் கையெழுத்து.

அத்தான், அவள் அக்காளின் கணவர், அந்த மேடையில் துளைப்பொறியை இயக்கும் ட்ரில்லர். குழாயை இறக்கி நிறுத்தும் பிரேக்கை இருபத்தாறு ஆண்டுகளாகப் பிடித்த கை. எடைமானியின் முள் ஒரு மயிரிழை அசைந்தாலும் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவார் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்வார்கள். மூன்று வாரம் கடல், மூன்று வாரம் கரை. கரைக்கு வந்தால் மைத்துனியை வம்புக்கு இழுக்காமல் அவருக்குப் பொழுது போகாது. அவளுக்குக் 'கோடு' என்று பெயர் வைத்தவரும் அவர்தாம்.

"என்ன கோடு, இன்னிக்கு நேரா இருக்கியா, வளைஞ்சிருக்கியா?" என்பார்.

அவளும் விடமாட்டாள். அந்தப் புள்ளிகளைப் பார்த்த நாளுக்கு இரண்டு நாள் முன்புதான், அக்காள் வீட்டு உணவு மேசையில், அத்தான் ஒரு மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் படிக்க முயன்றுகொண்டிருந்தார். முதலில் மூக்கருகே, பிறகு மார்பருகே, பிறகு கை எட்டிய மட்டும். வயது ஐம்பத்திரண்டு, வெள்ளெழுத்து வந்து ஓராண்டாயிற்று, கண்ணாடி வாங்க மனமில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அக்காள், கை போதவில்லை என்றால் எதிர்வீட்டில் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றாள். ஒன்று அத்தானுக்குக் கை வளரவேண்டும், இல்லை எழுத்து வளரவேண்டும் என்றாள் இவள். மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் அத்தான்.

அந்தச் சிரிப்பைத்தான் அவள் அலுவலகத்துக்கு எடுத்துவந்தாள்.

மேலாளருக்கு அலுவலகம் சூட்டிய பெயர் 'சுருக்கம்'. எவர் எதைச் சொல்லப் போனாலும் சுருக்கமாகச் சொல்லும்படி கேட்டுக் கைக்கடிகாரத்தைத் தடவுவார். மற்றபடி தீங்கில்லாத மனிதர். திட்டத்தைப் பார்க்க வந்தவர், நான்கு புள்ளிகள் மட்டும் ஏன் தனியே போகின்றன என்று கேட்டார். அவை உண்மையானால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். கடைசியில் இருக்கும் பாறையில் களிமண் கலந்திருக்கலாம். குழாய் அங்கே ஒட்டும். மேற்பகுதியில் தடித்த குழாய்களைச் சேர்த்து அவற்றின் பாரத்தால் தள்ளவேண்டும். அந்தக் குழாய்கள் வேறொரு துறைமுகத்திலிருந்து வரவேண்டும். ஆறு நாள் போய்விடும். முடிந்த திட்டத்தைப் பிரித்து மீண்டும் எழுதவேண்டும்.

"அது எங்க அத்தான் படிச்ச நம்பர் சார்," என்றாள் அவள். "மாத்திரை அட்டையைப் படிக்கவே அவருக்குக் கை பத்தாது."

மாத்திரைக் கதையை முழுவதும் சொன்னாள். கையை நீட்டி நடித்தும் காட்டினாள். சுருக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"விளக்குமாறு உங்க கையிலதானே இருக்கு," என்றார். "கூட்டித் தள்ளிடுங்க."

கூட்டித் தள்ளினாள். வெள்ளெழுத்து கிட்டே இருப்பதைத்தான் மறைக்கும். எடைமானியோ ட்ரில்லரின் இருக்கையிலிருந்து எட்டடி தள்ளி, தாம்பாளம் போன்ற முகத்தோடு நிற்பது. அது அவளுக்குத் தெரியாததன்று. தெரிந்ததை ஓரமாக வைத்துவிட்டு, வேண்டியதைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

ஒன்பது மாதம் கழித்துப் புதிய கிணறு துளைத்து முடிந்தது. சல்லடைக் குழாய்கள் இறங்கின. ஏழு கிலோமீட்டர்வரை எல்லாம் அவள் வரைந்தபடியே நடந்தது. அதன்பின் எடை குறையத் தொடங்கி, எட்டைத் தாண்டியதும் சரசரவென்று விழுந்து, கடைசிக்கு அறுநூற்று நாற்பது மீட்டர் இருக்கையில் குழாய் நின்றது. முன்னே போகவில்லை, பின்னே வரவுமில்லை. எதற்காக அவ்வளவு தொலைவு துளைத்தார்களோ, அந்த எண்ணெய்ப்பாறையின் கடைசித் துண்டு எட்டாமலே போயிற்று.

இம்முறை பதிவுக் கருவி வேலை செய்தது. அதன் எண்களைத் திரையில் ஏற்றியபோது, புள்ளிகள் நான்காம் குச்சியை நோக்கிச் சரிந்தன. அழித்த நான்கையும் பழைய கோப்பிலிருந்து எடுத்து அவற்றருகே வைத்தாள். ஒரு தாயின் வயிற்றில் பிறந்தவைபோல இருந்தன. கோப்பை மூடினாள். யாரிடமும் சொல்லவில்லை.

விசாரணை தொடங்கிற்று. குழாய் நின்ற வேளையில் பிரேக்கைப் பிடித்திருந்தவர் அத்தான். எடை விழுவதைக் கருவி பதிந்திருக்கிறது. அவரோ நிறுத்தாமல் மேலும் மூன்று குழாய்களை விட்டிருக்கிறார். முதல் குழாயிலேயே நிறுத்தியிருந்தால் பின்னுக்கு இழுத்திருக்கலாம். அவரைக் கரைக்கு அழைத்து வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அத்தான் முறைநாள் வருமுன்னே பையோடு வந்து இறங்கியதை அக்காள் தொலைபேசியில் சொன்னபோது, இவள் வெறுமனே உம் கொட்டினாள்.

இரண்டு வாரம் அப்படிப் போயிற்று. காலையில் குளித்ததும் கண்மூடி நின்று ஒரு துதி சொல்லிக்கொள்வது சிறுவயது முதல் அவள் வழக்கம். அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்தருள வேண்டும் என்று ஓரடி அதில் வரும். அந்த அடிக்கு வந்ததும் நாக்கு எழவில்லை. அறியாமல் என்ற சொல்லை அவள் எப்படிச் சொல்வாள்? பொறுக்கவேண்டியவர் ஒருவர், பொறுக்கும்படி கேட்கப்படுபவர் வேறொருவர் என்பதும் உறுத்திற்று. நான்காம் நாளிலிருந்து துதியையே விட்டுவிட்டாள்.

ஒரு புதன்கிழமை காலையில் விசாரணை அறிக்கையின் வரைவு மேசைக்கு வந்தது. மாலை நான்கு மணிக்கு அதில் எல்லாரும் கையெழுத்திடவேண்டும், அவளும்தான். ஏழாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. எடையளவை வாசிப்பதில் ட்ரில்லருக்கு உள்ள பார்வைக் குறைபாடு அவர் குடும்பத்தார் முன்பே அறிந்ததே. அதன்கீழ், அவரைப் பிரேக்கிலிருந்து நிரந்தரமாக விலக்கிக் கிடங்குப் பணிக்கு மாற்றலாம் என்ற பரிந்துரை. கூடவே அத்தானின் வாக்குமூலம். நான் தவறாகப் படித்திருக்கக்கூடும் என்று அவரே கையெழுத்திட்டிருந்தார்.

குடும்பத்தார் என்ற சொல்லை அவள் விரலால் மறைத்துப் பார்த்தாள். மறைத்தாலும் அது அங்கேதான் இருந்தது. அந்தக் குடும்பத்தாருள் வாய் திறந்தவர் ஒருவரே.

மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. காரை எடுத்துக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போனாள்.

அக்காள் கடைக்குப் போயிருந்தாள். முன்னறைச் சன்னலருகே நாற்காலி போட்டு அத்தான் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சிறிய நோட்டு, சட்டைப் பையில் புதிய கண்ணாடியின் கூடு.

"என்ன கோடு, இந்த நேரத்துல? ஆபீஸ்ல கரண்ட் இல்லையா?" என்றார்.

சும்மா வந்ததாகச் சொல்லி எதிரே உட்கார்ந்தாள். வழியெல்லாம் கோத்துவந்த வாக்கியங்களில் ஒன்றையும் எடுக்கவில்லை. நோட்டில் என்ன எழுதுகிறீர்கள் என்று மட்டும் கேட்டாள். தெருமுனையில் வந்து நிற்கும் வண்டிகளின் எண்ணை அங்கிருந்தே படித்து எழுதுவதாகவும், பிறகு நடந்துபோய்ச் சரிபார்த்துவிட்டு வருவதாகவும் அவர் சொன்னார். பத்து நாளாயிற்று, இதுவரை ஒன்றுகூடத் தப்பவில்லையாம். வண்டிக்காரர்கள் முறைக்கிறார்களாம். ஒருவன், வண்டியை விற்கிற எண்ணம் இல்லை என்று தானாகவே வந்து சொன்னானாம். அதைச் சொல்லிச் சிரித்தார். அவளுக்குச் சிரிக்க வாய் வரவில்லை.

"தூரத்துல இருக்கறது எல்லாம் நல்லாத் தெரியுது," என்றார் அத்தான். "அப்புறம் அன்னிக்கு மட்டும் எப்படிப் போச்சுன்னுதான் தெரியல."

பிறகு, யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வதுபோல, நடந்ததைச் சொன்னார். வேலை தொடங்குமுன் அவளுடைய திட்டப் புத்தகம் மேடைக்கு வந்தது. அதில் சென்ற ஆண்டுக் கிணற்றின் படத்தைப் புரட்டியவர், தாம் எழுதிய நான்கு எண்களும் அங்கே இல்லாததைக் கண்டார்.

"என்கிட்ட ஏன் கேக்கல?" என்றாள் அவள்.

"எதுக்குக் கேக்கணும்? நீ எடுத்திருந்தா காரணம் இல்லாம எடுக்க மாட்டே. நான்தான் தப்பாப் படிச்சுத் தொலைச்சிருக்கேன், நம்ம பொண்ணு வெளிய தெரியாம சரி பண்ணியிருக்கான்னு நினைச்சுக்கிட்டேன். இந்தக் கிணத்துல முள்ளு அதே மாதிரி விழுந்துது. முந்தியெல்லாம்னா கை தானா பிரேக்குக்குப் போயிருக்கும். அன்னிக்குப் போகல. கண்ணுதான் மறுபடியும் ஏமாத்துதுன்னு மூணு குழாய் விட்டேன்."

தான் செய்த பிழை ஒன்று என்றே அவள் அதுவரை எண்ணியிருந்தாள். படத்திலிருந்து நான்கு எண்களை எடுத்தது மட்டுமே பிழை என்று. இருபத்தாறு ஆண்டுகள் தவறாத ஒரு கையைத் தடுத்து நிறுத்தியதும் அதுவே என்பது அப்போதுதான் விளங்கிற்று.

"அத்தான், அந்த நாலும் சரி."

"எந்த நாலு?"

"போன வருஷம் நீங்க எழுதின நாலு நம்பரும் சரி. இந்தக் கிணத்துல மெஷினே அதேதான் காட்டியிருக்கு. நான்தான் அழிச்சேன்."

அத்தான் உடனே கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அந்தக் கோபத்துக்கு ஏங்கினாள் என்றுகூடச் சொல்லலாம். அவரோ நோட்டை மெல்ல மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அப்போ நான் படிச்சது சரிதானா?"

"சரிதான் அத்தான்."

"இல்ல, நல்லாப் பாத்துச் சொல்லு. எனக்காகச் சொல்லாதே. சரிதானா?"

கைப்பையிலிருந்து அச்சிட்ட படத்தை எடுத்து நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் தோள்கள் நிமிர்ந்தன. நோயிலிருந்து எழுந்தவன் தன் கால்களைத் தானே நம்புவது போன்ற நிமிர்வு. அதைக் கண்டு மகிழ அவளுக்கு உரிமையில்லை. பத்து நாள் அவரைத் தெருமுனைக்கும் வீட்டுக்குமாக நடக்கவிட்டவள் அவள்.

"ஏன் அழிச்சே?" என்று கேட்டார், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சொன்னாள். ஆறு நாள் கணக்கைச் சொன்னாள். மாத்திரை அட்டையைப் பற்றி மேலாளரிடம் சொன்னதைச் சொன்னாள். கையை நீட்டி நடித்துக் காட்டியதை விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றிற்று; அதையும் சொன்னாள். அறிக்கையின் ஏழாம் பக்கத்தையும் எடுத்துக் காட்டினாள். அவர் வாக்கியத்தை உதடசைத்துப் படித்தார்.

"குடும்பத்தார்," என்றார். "உங்க அக்காவையும் சேத்துட்டாங்க."

அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். நான்கு மணிக்குள் போகவேண்டும் அல்லவா என்று கேட்டுச் செருப்பைத் தேடினார்.

மேலாளர் அறையில் மூன்று நாற்காலிகள். அத்தானைக் கண்டதும் சுருக்கம் எழுந்து நின்றார். பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவர்போல மேசைமேல் கிடந்த தாள்களை அடுக்கினார். அவளைப் பார்த்து வழக்கம்போல, ஆனால் மென்மையாக, சுருக்கமாகச் சொல்லும்படி கேட்டார்.

"நாலு புள்ளியை நான் அழிச்சேன் சார். அது சரியான புள்ளின்னு தெரிஞ்சுக்க வழி இருந்தும் அழிச்சேன். படத்துல அது இல்லாததாலதான் இவர் தன் கண்ணைச் சந்தேகப்பட்டு நிறுத்தாம விட்டார். இதுல இவர் தப்பு ஒண்ணும் இல்ல."

இதைவிடச் சுருக்கமாக அவள் வாழ்நாளில் எதையும் சொன்னதில்லை. மேலாளர் கடிகாரத்தைத் தடவவில்லை. அழித்ததற்குத் தொழில்நுட்பக் காரணம் ஏதாவது இருந்திருக்குமே, ஐயத்துக்குரிய அளவுகளை விலக்குவது எல்லா இடத்திலும் உள்ளதுதானே, அப்படி எழுதிக்கொள்ளலாமே என்றார். அவளுக்காக மட்டும் அவர் அப்படிச் சொல்லவில்லை. அன்று அவள் மேசையருகே சிரித்தவர்கள் இருவர்.

"காரணம் இருந்துச்சு சார். நாம ரெண்டு பேரும் சிரிச்சோமே, அதுதான்."

மேலாளரின் முகம் காதுவரை சிவந்தது. அவர் அத்தானைப் பார்க்கவில்லை; அத்தானும் அவரைப் பார்க்கவில்லை. மேலாளர் ஏழாம் பக்கத்தை உருவி எடுத்து நான்காக மடித்தார். அவள் மேசையருகே நின்றபடியே தன் கூற்றைக் கையால் எழுதினாள். எழுதும்போது எழுத்து ஒழுங்காகவே வந்தது. அதுவும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. இனி அவள் கையெழுத்தில் எந்தத் திட்டமும் மேடைக்குப் போகாது, மேலிடம் முடிவெடுக்கும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று மேலாளர் தரையைப் பார்த்துச் சொன்னார். அத்தான் தம் வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுவதாக ஒரு வரி எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரப் படகில் அவர் மேடைக்குத் திரும்பலாம் என்றாயிற்று.

"நன்றி சார்," என்றார் அத்தான். அந்த நன்றியை இருவராலும் நேராக வாங்கிக்கொள்ள முடியவில்லை.

திரும்பும்போது அவள் காரை ஓட்டினாள். பள்ளிக்கூடம் விட்ட நேரம். ஒவ்வொரு திருப்பத்திலும் நிற்கவேண்டியிருந்தது. அத்தான் பக்கத்து இருக்கையில் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, பழக்கமில்லாத வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர்போல உட்கார்ந்திருந்தார். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல அவள் இரண்டுமுறை வாயெடுத்தாள். சொன்னால் அவர் பதில் சொல்லியாகவேண்டும். மைத்துனி கேட்கிறாள் என்பதற்காகச் சரி என்றுவிடுவார். அப்படி அவரிடமிருந்து இன்னொன்றைப் பிடுங்கிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

பாதி வழியில் அவரே பேசினார்.

"வீட்ல அன்னிக்கு எல்லாரும் சிரிச்சோம்ல, மாத்திரை அட்டைக்கு."

"ஆமா அத்தான்."

"நானும்தான் சிரிச்சேன்." முன்னால் நின்ற பேருந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க நீங்க சிரிச்சப்போ நான் இல்லையே."

பேருந்து நகர்ந்தது. பின்னாலிருந்த வண்டி ஒலியெழுப்பும்வரை, அவள் காரை நகர்த்தவேண்டும் என்பதை மறந்திருந்தாள். அந்தச் சொல்லுக்கு விடை ஏதேனும் உண்டா என்று அன்று மட்டுமில்லை, பின்பு பல நாளும் தேடினாள். புள்ளிகளைத் திரும்ப வைத்துவிடலாம். வேலையைத் திரும்பக் கொடுத்துவிடலாம். ஒருவர் இல்லாத இடத்தில் அவரை வைத்துச் சிரித்த சிரிப்புக்குள் அவரைப் பின்னால் அழைத்துப்போய் உட்காரவைக்க வழி ஏது?

அக்காள் அப்போதுதான் கடையிலிருந்து வந்து வாசல் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். காரைக் கண்டதும் சாவியோடு இறங்கி வந்தாள். இருவரும் சேர்ந்து எங்கே போய் வருகிறார்கள் என்று கேட்டாள். அத்தானுடைய முகத்தைப் பார்த்தே செய்தி நல்லதென்று அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"அடுத்த வாரம் மேடைக்குப் போறேன்," என்றார் அத்தான், இறங்கிக் கதவைச் சாத்தியபடி. "தப்பு என் பேர்ல இல்லையாம்."

அக்காள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு குனிந்து, சன்னல் வழியே தங்கையின் கன்னத்தைத் தொட்டாள். தங்கைதான் அலைந்து திரிந்து இதைச் சரிசெய்திருக்கவேண்டும் என்று அவளாகவே எடுத்துக்கொண்டது கண்ணில் தெரிந்தது.

"நீ பாத்துக்குவேன்னு எனக்குத் தெரியும்டீ. இறங்கு, சாப்பிட்டுட்டுப் போகலாம்."

அவள் வாயைத் திறந்தாள். இதோ, இப்போது, எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும் என்றிருந்தது. அதற்குள் அத்தான் காரின் கூரைமேல் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"அவளுக்கு ஆபீஸ்ல வேலை இருக்காம். போகட்டும் விடு."

அவளுக்கு எந்த வேலையும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அக்காளிடமிருந்து அவளைக் காப்பாற்றினாரா, தம் மேசையிலிருந்து அவளை விலக்கினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை; இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். அக்காள் அலுத்துக்கொண்டாள். எப்போது பார்த்தாலும் வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்றாள். அவள் தலையாட்டினாள்.

காரைத் திருப்பினாள். தெருவின் பாதிவரை அக்காள் வாசலில் நின்று கையசைத்துக்கொண்டிருப்பது கண்ணாடியில் தெரிந்தது. அத்தான் உள்ளே போய்விட்டிருந்தார்.